பூட்டு எந்தப் பக்கம்?

பட்டனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது அவளுடைய அடையாள அட்டையில் பத்திரமாகக் குடியிருக்கிறது, வெளியே வருவதில்லை. வீட்டிலும் தெருவிலும் கம்பெனியிலும் அவள் பட்டன்தான். சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கும் மிஷினில் உட்கார்ந்த அன்றே ஒட்டிக்கொண்ட பெயர். ஆளும் அதற்கு ஏற்றாற்போலக் குள்ளமாக, உருண்டையாக, ஓர் இடத்தைப் பிடித்தால் விடாதவளாக இருந்ததால் அந்தப் பெயர் கழன்று விழவே இல்லை.

எனக்கு அவள் தங்கச்சி முறை. என் பெரியப்பாவின் கடைசிப் பெண். பெரியப்பாவுக்கு முதலில் ஒரு மகன், நடுவில் பிறந்து தங்காமல் போனவை இரண்டு, கடைசியில் இவள். அந்த மகன்தான் எங்கள் அண்ணன். அண்ணனுக்கு ஒரே ஒரு பெண். அவளுக்குப் பட்டன் சின்ன அத்தை, நான் பெரிய அத்தை. அண்ணிக்கு ஒரு தங்கை உண்டு, அவள் சித்தி. இந்தக் கதைக்கு இவ்வளவு சொந்தம் போதும். மீதிப் பேரையும் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும். அத்தை யார், சித்தி யார் என்பதை மட்டும் மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். நல்லபடியாக முடிந்த கதைதான், பயப்பட வேண்டாம். ஆனால் அது நல்லபடியாக முடிந்ததே சித்தி என்ற அந்த ஒரு சொல்லால்தான்.

பட்டனுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை லாரி மெக்கானிக். வாயைத் திறந்து பேசாத மனிதர். “அவர் பேசாததையும் சேர்த்து நான்தான் பேச வேண்டியிருக்கு” என்பாள். அவரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. அதற்கப்புறம் அவளுக்கு உலகத்தில் மூன்றே பிடிப்பு. ஒன்று அந்த மிஷின். இன்னொன்று அண்ணன் மகள். மூன்றாவது டீ.

டீ விஷயத்தைச் சொல்லாமல் பட்டனைப் பற்றிச் சொல்ல முடியாது. காலையில் ஒரு டம்ளர் உள்ளே போனால்தான் அவளுக்குக் குரலே வரும். டீ கிடைக்காத நேரத்தில் அவளிடம் ஏதாவது கேட்டால், கையால் டம்ளர் பிடிப்பதுபோல ஜாடை காட்டிவிட்டு மறுபடி நம் முகத்தைப் பார்ப்பாள். கம்பெனியில் இடைவேளை மணி அடித்ததும் அத்தனை பேரும் எழுவதற்குள் இவள் கேன்டீன் வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். “உன் மிஷினுக்கு எண்ணெய் ஊத்தறதைவிட உனக்கு டீ ஊத்தறதுதான் அதிகம்” என்று சூப்பர்வைசர் திட்டுவார். “என்னை ஓட விட்டாத்தானே சார் மிஷின் ஓடும்” என்பாள்.

இனி சித்தி கதை.

அண்ணன் மகள் அப்போது சின்னக் குழந்தை. மழலை மாறாத வயதிலேயே ஊர்ப்பட்ட பேச்சு. நாங்கள் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். அண்ணிக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அண்ணன் கூடவே இருந்தார். குழந்தையைச் சித்தி தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். சித்திக்கு அப்போது ஒரு பாத்திரக் கடையில் வேலை. லீவு போட்டால் வேலை போய்விடும். தெருவிலோ பஸ்ஸும் லாரியும் வாசலை உரசிக்கொண்டு போகும். குழந்தை வெளியே ஓடிவிட்டால்? சித்தி யோசித்தாள். சாப்பாட்டை மூடி வைத்தாள், பொம்மைகளைப் பரப்பி வைத்தாள், வெளியே வந்து பூட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

அன்று பட்டன் வேலை முடிந்து, குழந்தையைப் பார்க்கலாம் என்று பிஸ்கட் பொட்டலத்தோடு அங்கே போயிருக்கிறாள். வாசலில் பூட்டு. சரி, யாரும் இல்லை போல என்று திரும்பியவள், ஜன்னல் கம்பிக்கு நடுவில் ஒரு முகத்தைப் பார்த்திருக்கிறாள். அழுது அழுது அழுகை தீர்ந்துபோன முகம். “அத்தை, இந்தக் கதவு எனக்கு மட்டும் திறக்க மாட்டேங்குது” என்றதாம் குழந்தை.

பட்டன் தெருவில் கிடந்த கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தாள். உடைத்ததில் கட்டைவிரல் நகம் நசுங்கியது. இன்றைக்கும் அந்த நகம் கோணலாகத்தான் வளர்கிறது. சித்தி வந்து சேர்ந்தபோது கதவு ஆ என்று திறந்து கிடந்தது, குழந்தை பட்டன் மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

“ஐயோ, என் பூட்டு! நான் பத்திரமாத்தானே வச்சுட்டுப் போனேன்!”

“நகையாடி அவ? பத்திரமா வச்சுட்டுப் போறதுக்கு?”

இரண்டு பேரும் போட்ட சண்டையில் தெருவே கூடிவிட்டது. கொஞ்ச காலம் பேச்சுவார்த்தை கிடையாது. பிறகு எப்படியோ அது சிரிப்புக் கதையாக மாறிவிட்டது, எங்கள் வீட்டில் எல்லாம் கடைசியில் அப்படித்தான் மாறும். பூனையை அலமாரிக்குள் வைத்துத் தெரியாமல் மூடிவிட்டால், “யாரு இதைச் சித்தி மாதிரி பார்த்துக்கிட்டது?” என்போம். யாராவது குளியலறைக்குள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டினால், “சித்தி வந்திருக்கா போல” என்போம். சித்தி முறைப்பாள். பிறகு அவளும் சிரித்துவிடுவாள். எங்கள் வீட்டைத் தாண்டி அந்தச் சொல்லுக்கு இந்த அர்த்தம் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்றுதான் நினைத்திருந்தோம்.

வாயாடி வளர்ந்தாள். படிப்பை முடித்தாள். வேலை தேடிக்கொண்டிருந்த சமயத்தில் தெருவுக்கு ஓர் ஏஜென்ட் வந்தான். தையல் யூனிட்டில் வேலை, தங்க ஹாஸ்டல், வேளாவேளைக்குச் சாப்பாடு என்றான். செல்போனில் படம் காட்டினான். வெள்ளைச் சுவர், நீலக் கட்டில், சிரிக்கும் பெண்கள். ஆள் தேன் போலப் பேசினான். அண்ணிக்கு ஒரே கவலைதான்.

“பொண்ணுங்க தங்கற இடம். வெளியாளு எவனும் உள்ள வந்துட மாட்டானே?”

“அம்மா, பெரிய கேட்டும்மா. எப்பவும் பூட்டித்தான் இருக்கும். ஒரு ஈ உள்ள வர முடியாது.”

அண்ணிக்கு நிம்மதி. அண்ணனுக்கும் நிம்மதி. ஈ உள்ளே வர முடியாது என்றால் உள்ளே இருக்கிற ஈ என்ன செய்யும் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வாயாடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

முதலில் ஒரு தடவை போன் வந்தது. அப்புறம் இல்லை. நாங்கள் கூப்பிட்டால் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. வேலை கடுமையாக இருக்கும், பிள்ளை தூங்கும் என்று அண்ணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், வேறு ஒரு நம்பரிலிருந்து கூப்பிட்டாள். அன்று நானும் பட்டனும் அண்ணன் வீட்டில்தான் இருந்தோம். அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, நான்தான். நல்லா இருக்கேன்.”

“என்னடி, போனே இல்ல? யாரு நம்பர் இது?”

“வார்டன் அக்காவோடது. பக்கத்துலதான் இருக்காங்க.”

“நல்லா சாப்பிடறியா?”

“சாப்பிடறேன்.”

“வேலை கஷ்டமா?”

“இல்ல.”

நான் பட்டனைப் பார்த்தேன், பட்டன் என்னைப் பார்த்தாள். ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் சொல்லுகிறவள் இந்தப் பெண். ஒற்றை வார்த்தையில் பேசி நாங்கள் கேட்டதே கிடையாது.

“ஒண்ணும் குறையில்லையேம்மா?” என்றார் அண்ணன்.

“ஒரு குறையும் இல்லப்பா. இங்க எல்லாரும் நல்லா பார்த்துக்கறாங்க. நம்ம சித்தி எப்படிப் பார்த்துக்கிட்டாங்களோ, அதே மாதிரி பார்த்துக்கறாங்க. சின்ன அத்தைகிட்டச் சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க.”

பின்னால் ஒரு பெண் குரல் “போதும்மா, வை” என்று அன்பாகச் சொன்னது. போன் கட்டானது.

“பார்த்தீங்களா? சொந்தச் சித்தி மாதிரி பார்த்துக்கறாங்களாம்” என்று அண்ணி கண்ணைத் துடைத்தாள். அவளுக்குச் சித்தி என்றால் தன் கூடப்பிறந்தவள். அந்தப் பாசத்தில் மற்றதெல்லாம் மறந்துபோய்விட்டது.

பட்டன் கையில் இருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தாள். பாதி டீ மிச்சம் இருந்தது. அவள் பாதி டீயைக் கீழே வைத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

“அண்ணி, புள்ளையைப் பூட்டி வச்சிருக்காங்க.”

“என்னடி உளர்ற? இப்பத்தானே நல்லா இருக்கேன்னா?”

“சித்தி எப்படிப் பார்த்துக்கிட்டா? நீங்களே சொல்லுங்க. எப்படிப் பார்த்துக்கிட்டா?”

அண்ணிக்கு அந்தப் பூட்டு நினைவுக்கு வந்தது. அண்ணன்தான் சமாளித்தார். “ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருப்பா. நீ ஒண்ணுன்னா ஒம்பதாக்குவ. நாம போய்க் கலாட்டா பண்ணி, அவ வேலை போயிடுச்சுன்னா?”

“கலாட்டா பண்ண மாட்டேன். விசாரிக்கிறேன். பொய்யா இருந்தா, சித்திகிட்ட மன்னிப்புக் கேட்டு ஒரு புதுப் பூட்டும் வாங்கித் தந்துடறேன்.”

மறுநாள் கம்பெனியில் அவள் முதலில் பிடித்தது ரிவர்ஸை. ரிவர்ஸ் என்பது சரக்கு வேன் டிரைவர். ஒரு தடவை பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்து முதலாளியின் காரில் மோதியதிலிருந்து அந்தப் பெயர். அதற்குப் பிறகு மனிதர் எங்கே வண்டியைத் திருப்பினாலும் இறங்கிப் போய்ப் பின்பக்கம் முழுவதையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். வெளியே தைத்த சட்டைகள், பட்டன் வைப்பதற்காக அவர் வேனில்தான் பட்டனின் கம்பெனிக்கு வரும். வாயாடி இருக்கும் தெருவின் பெயரைச் சொல்லி, அந்தப் பக்கம் போவதுண்டா என்று கேட்டாள்.

“போவேனே. நம்ம பீஸே அங்கிருந்து வருது. ஏன் கேக்கறே?”

பட்டனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் மகள் தைத்த சட்டைக்குத்தான் இத்தனை நாளாக இவள் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாளா?

“உள்ள போயிருக்கியா அண்ணே?”

“எங்க விடறாங்க? கேட்லயே ஏத்தி அனுப்பிடுவாங்க.”

“கேட்டைச் சரியா பார்த்திருக்கியா?”

“என்ன இப்படிக் கேட்டுட்ட? பின்னாடி பார்க்கறதுதானே என் பொழப்பே! இரும்புக் கேட்டு. என் முஷ்டி அளவுக்குப் பூட்டு. நான் ஹாரன் அடிச்சா, எதிர்த்த டீக்கடையிலிருந்து வாட்ச்மேன் சாவியோட வருவான்.”

“வாட்ச்மேன் வெளியவா இருக்கான்? அப்ப பூட்டு எந்தப் பக்கம்?”

“வெளிப்பக்கம்.” ரிவர்ஸ் சொல்லிவிட்டு நிறுத்தினார். தலையைச் சொறிந்தார். “ஆமால்ல? உள்ள இத்தனை மிஷின் ஓடற சத்தம் கேக்குது. ஆளு உள்ள இருக்கறப்போ வெளிய எதுக்குப் பூட்டு? இத்தனை நாளாப் பார்க்கறேன், இது எனக்கு உறைக்கவே இல்ல பாரேன்.”

கம்பெனியில் தொழிலாளர் குறைகளைக் கேட்க ஓர் ஆபீசர் உண்டு. தடிமனான கண்ணாடி போட்ட இளம்பெண். கண்ணாடி மேடம் என்பார்கள். தொழிலாளர் கழிப்பறைச் சுவரில் புகார் நம்பரை ஒட்டி வைத்தது அவள்தான். அதில் யாராவது கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. பட்டன் அவள் மேஜைக்கு எதிரில் போய் நின்றாள். பேசாமல் டம்ளர் ஜாடை காட்டினாள். மேடம் சிரித்துக்கொண்டே தன் டீயைத் தள்ளி வைத்தாள். குடித்துவிட்டுப் பட்டன் எல்லாவற்றையும் சொன்னாள், சித்தி கதை உட்பட.

மேடம் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரில் தேடினாள்.

“அக்கா, அந்த யூனிட் பேரே நம்மகிட்ட இல்ல. நாம அங்க வேலை குடுக்கலையே.”

“நீங்க குடுக்கலைன்னா பீஸ் எப்படி மேடம் வருது? சட்டைக்கு இறக்கையா முளைச்சிருக்கு?”

மேடம் நாற்காலியில் சாய்ந்தாள். “நாம ஒருத்தருக்குக் குடுத்திருப்போம். அவர் நமக்குச் சொல்லாம இன்னொருத்தருக்குக் கைமாத்தி விட்டிருப்பார். இதைத்தான் நான் கரடியா கத்திக்கிட்டிருக்கேன்.”

மேடம் அப்போதே மேனேஜரிடம் போனாள். பட்டனும் பின்னாலேயே போனாள். இந்தச் சரக்கு கப்பல் ஏறட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

“சரக்கு போயிடும் சார். பொண்ணு அங்கேயேதானே இருக்கும்?” என்றாள் பட்டன்.

“நீ போய் மிஷின்ல உட்காரும்மா. உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?”

பட்டனுக்கு அந்த வேலையை விட்டால் வேறு வருமானம் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். அவள் கோணல் நகத்தைத் தடவிக்கொண்டே, “வேலையும் வேணும் சார், பொண்ணும் வேணும்” என்று நின்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மேடம் பட்டனைத் தனியே இழுத்தாள்.

“அக்கா, நல்லா கேளுங்க. பொண்ணை அடைச்சு வச்சிருக்காங்கன்னு புகார் குடுத்தா, இல்லவே இல்லைன்னு அவங்க சாதிப்பாங்க. இழுத்துக்கிட்டே போகும். ஆனா ஆள் வேலை செய்யற இடத்துல வெளிப்பூட்டு இருக்கறதே தப்பு. தீப்பிடிச்சா என்ன ஆகும்? அதைச் சொன்னா தீயணைப்புக்காரங்க உடனே வருவாங்க. அவங்களோட லேபர் ஆபீசரையும் வரச் சொல்றேன். நாம முதல்ல உள்ள போவோம்.”

“உங்க வேலை மேடம்?”

“எதுக்கு இந்த நாற்காலியில உட்கார வச்சிருக்காங்களோ அதைத்தான் செய்யறேன்” என்று போனை எடுத்தாள்.

அடுத்த நாள் காலையிலேயே கிளம்பிவிட்டோம். பொண்ணை அடையாளம் காட்டச் சொந்தக்காரர் வேண்டும் என்று பட்டனையும், துணைக்கு என்னையும் மேடம் கூட்டிப் போனாள். அவசரத்தில் பட்டன் டீ குடிக்கவில்லை. வழி முழுக்க ஊமை மாதிரி வந்தாள்.

ரிவர்ஸ் சொன்னது அப்படியே இருந்தது. இரும்புக் கேட். முஷ்டி அளவு பூட்டு, வெளிப்பக்கம். தீயணைப்பு வண்டியைப் பார்த்ததும் எதிர்க் கடையிலிருந்து வாட்ச்மேன் கையில் டம்ளரோடு ஓடிவந்தான். எதைக் கீழே வைப்பது, எதை எடுப்பது என்று தெரியாமல் தடுமாறி, டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, கடைசியில் சாவியை எடுத்தான்.

உள்ளே தகரக் கூரை போட்ட கூடம். வரிசையாக மிஷின்கள். பக்கத்துக் கட்டடத்தின் மாடியில் கட்டில்கள். அந்த நீலக் கட்டில் உண்மைதான், ஒன்றில் இரண்டு பேர் படுப்பார்கள் என்பதுதான் படத்தில் இல்லை. ஜன்னல்களில் வலையை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். வார்டன் கை கூப்பிக்கொண்டே வந்தாள். குழைவான குரல். போனில் கேட்ட அதே குரல்.

“வாங்க சார், வாங்க. பொண்ணுங்க பாதுகாப்புக்குத்தான் சார் பூட்டு. நீங்களே கேட்டுப் பாருங்க.”

பெண்களை வரிசையாக நிறுத்தினார்கள். வாயாடி கடைசியில் நின்றாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. எங்களைப் பார்த்தாள். பார்த்ததும் கண் விரிந்தது, ஆனால் காலை அசைக்கவில்லை. லேபர் ஆபீசர் வயதான மனிதர், இந்த மாதிரி வாசல் நிறையப் பார்த்தவர் போல இருந்தார். வார்டனைத் தள்ளி நிற்கச் சொன்னார். அவள் கூடத்தின் அந்தக் கோடிக்குப் போனாள். ஆனால் அவள் கண் மட்டும் போகவில்லை, பெண்கள் மேலேயே இருந்தது.

“ஏதாவது குறை இருக்காம்மா? பயப்படாம சொல்லுங்க.”

“நல்லா இருக்கோம் சார்.” பாடம் ஒப்பிக்கிற மாதிரி எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“வீட்டுக்குப் போகணும்னு யாருக்காவது இருக்கா?”

சத்தமே இல்லை.

ஆபீசர் மேடத்திடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். “பூட்டுக்கு நோட்டீஸ் குடுத்துடலாம். ஆனா எல்லாருமே நல்லா இருக்கோம்கறாங்களே. இவங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வந்தாப் போதும், மீதியை நான் பார்த்துக்குவேன். வரலைன்னா நான் வெறுங்கையோடதான் திரும்பணும். நாளைக்கே இவங்களை வேற எங்கேயாவது மாத்திடுவாங்க.”

பட்டன் பேசுவாள் என்று பார்த்தேன். அவளுக்குக் குரல் வரவில்லை. டீ இல்லாத தொண்டை. வார்டனை நோக்கிக் கையால் டம்ளர் ஜாடை காட்டினாள். பிறகு எச்சிலை விழுங்கிக்கொண்டு, கரகரத்த குரலில், அவளுக்கு அந்த நேரத்தில் வந்த ஒரே பேச்சைப் பேசினாள்.

“எனக்கு டீ குடிக்காம தலை சுத்துதும்மா. எதிர்க் கடையில ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன். அடியே வாயாடி, நீயும் வாடி, ஒரு டீ குடிக்கலாம்.”

“அதெல்லாம் பொண்ணுங்க வெளிய போகக் கூடாது!” என்றாள் வார்டன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆபீசர் மெதுவாகத் திரும்பினார்.

“ஏன் போகக் கூடாது?”

“இல்ல சார்... வேலை நேரம்...”

“மிஷினையெல்லாம் நிறுத்தியாச்சே. டீ குடிக்கக்கூட ரோட்டைத் தாண்டக் கூடாதா?” அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். அவருக்குப் பிடி கிடைத்துவிட்டது. “வேற ஒண்ணும் கேக்கலம்மா. டீ யாருக்கெல்லாம் வேணும்?”

யாரும் அசையவில்லை. அத்தனை கண்ணும் திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தன, பிறகு வார்டனைப் பார்த்தன, மறுபடி கேட்டைப் பார்த்தன. கூரைத் தகரம் வெயிலில் படபடக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“எனக்கு வேணும்” என்றது ஒரு குரல். வாயாடி. “சர்க்கரை தூக்கலா.”

அவள் நடந்தாள். கேட்டின் கீழே சக்கரம் ஓடும் இரும்புப் பட்டை ஒன்று இருந்தது. அதன் முன்னால் ஒரு கணம் நின்றாள். பட்டன் அந்தப் பக்கம் போய் நின்று கையை நீட்டினாள். வாயாடி தாண்டினாள்.

“எனக்கும் டீ” என்றாள் இன்னொருத்தி. “எனக்கு டீ பிடிக்காது, ஆனா வேணும்” என்றாள் அதற்கடுத்தவள். அப்புறம் யாரும் சொல்லவே இல்லை, நடந்தார்கள். செருப்புகூடப் போடாமல் மொத்த வரிசையும் ரோட்டைத் தாண்டியது. தீயணைப்பு ஆட்கள் இரண்டு பக்கமும் வண்டிகளைக் கை காட்டி நிறுத்தினார்கள்.

டீக்கடைக்காரர் கரண்டியோடு அப்படியே நின்றார். “எதிர்த்த மாதிரியே கடை வச்சிருக்கேன். இத்தனை பேரா உள்ள இருந்தீங்க? ஒருத்தர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லையே!”

அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் அவர்களுக்கு வாய் திறந்தது. முதல் மடக்கு உள்ளே போனதும் ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி பேச ஆரம்பித்தாள். பிறகு ஒரே நேரத்தில் எல்லோரும். செல்போனையும் அடையாள அட்டையையும் வந்த அன்றே வாங்கி வார்டன் அலமாரியில் வைத்துவிட்டார்களாம். போகிறேன் என்று சொன்னவளைக் கூட்டிப் போய்த் தனி அறையில் உட்கார வைத்தார்களாம். உடம்பு முடியாதவளையும் மிஷினில் உட்கார வைத்தார்களாம். ஆபீசர் டீயைத் தொடவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். பட்டன் மட்டும் ஒன்றுக்கு மூன்று குடித்துவிட்டாள்.

வாயாடி அவள் தோளில் சாய்ந்திருந்தாள். “அத்தை, நான் சொன்னது புரியாமப் போயிடுமோன்னு எவ்வளவு பயந்தேன் தெரியுமா? அம்மா அழுதிருப்பாங்களே, சித்தி மாதிரி பார்த்துக்கறாங்கன்னு.”

“அழுதாடி. ஆனந்தக் கண்ணீர்.”

“நினைச்சேன்!” என்று சிரித்தாள். அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை வாயை மூடவில்லை. நான் அவள் பேச்சை எத்தனையோ தடவை அலுத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு, பேசு தாயே, இன்னும் பேசு என்றிருந்தது.

அலமாரி அன்றே திறந்தது. அவரவர் போனும் அட்டையும் அவரவர் கைக்கு வந்தன. சிலரை வீட்டார் வந்து கூட்டிப் போனார்கள். தூரத்தில் இருந்து வந்தவர்களுக்கு, வீடு போகிறவரை ஒரு பெண்கள் விடுதியில் மேடம் இடம் பார்த்துக் கொடுத்தாள். அதன் கதவை உள்ளிருந்து தாழ் போடலாமா என்று பட்டன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஏஜென்ட் மேலும் யூனிட் முதலாளி மேலும் வழக்கு இன்னும் நடக்கிறது. வாயாடி கூப்பிடும்போதெல்லாம் போய்ச் சாட்சி சொல்லிவிட்டு வருகிறாள். அதிகமாகப் பேசாதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று வக்கீல் கெஞ்சுகிறாராம்.

கம்பெனியில் மேனேஜர் கொஞ்ச நாள் பட்டன் முகத்தையே பார்க்கவில்லை. ஆனால் சட்டை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் விஷயம் தெரிந்து கேள்வி கேட்க, இனி எந்த யூனிட்டுக்கு வேலை போனாலும் மேடம் நேரில் போய்ப் பார்க்காமல் போகக் கூடாது என்று ஆகிவிட்டது. குறை கேட்கும் கமிட்டியில் பட்டனையும் போட்டார்கள். மேடம் யூனிட்டுக்குள் போய்ச் சாவகாசமாக நூறு விஷயம் பார்ப்பாள். பட்டன் வாசலிலேயே நின்றுகொண்டு ஒன்றுதான் கேட்பாள். “பூட்டு எந்தப் பக்கம்?” அப்புறம் உள்ளே இருக்கிற பெண்களில் யாராவது ஒருத்தியை, “வாம்மா, வெளிய போய் ஒரு டீ குடிக்கலாம்” என்பாள். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து வந்தால் நல்ல இடம். இந்த வேலையில் பட்டனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை டீ ஆகிறது என்று கேட்காதீர்கள்.

கழிப்பறைச் சுவரில் இருக்கிற நம்பருக்கும் இப்போது அவ்வப்போது போன் வருகிறதாம்.

வாயாடிக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. பட்டன் போய் வாசலைப் பார்த்து, டீ குடித்துத் திரும்பிய பிறகுதான் சேர்த்தார்கள். சேர்ந்த அன்று சாயங்காலமே தன் சொந்தப் போனில் கூப்பிட்டாள். நாங்கள் எல்லோரும் அண்ணன் வீட்டில் காத்திருந்தோம். சித்தியும் வந்திருந்தாள். அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள்.

“எப்படிடி இருக்கு இடம்?” என்றாள் பட்டன்.

“அத்தை, இவங்க மோசம் அத்தை. சித்தி மாதிரி பார்த்துக்கவே மாட்டேங்கறாங்க. நான் பாட்டுக்கு வரேன், நான் பாட்டுக்குப் போறேன், ஒருத்தரும் கண்டுக்கறதில்ல. கடைக்குப் போனேன், பார்க்குக்குப் போனேன், இப்பக்கூட ரோட்லதான் நடந்துக்கிட்டே பேசறேன்...”

சிரிப்பில் அவள் மேலே சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. அண்ணன்கூட வாய்விட்டுச் சிரித்தார். சித்தி எட்டிப் போனைப் பிடுங்கினாள்.

“ஏண்டி, ஒரு நாள் பூட்டினதுக்கு ஆயுசு முழுக்கவாடி?”

“ஐயோ சித்தி! நீங்க இருக்கீங்களா அங்க? நீங்க மட்டும் அன்னிக்குப் பூட்டலைன்னா, நான் இன்னும் அங்கேயே இருந்திருப்பேன் சித்தி.”

சித்தி போனைக் காதோடு வைத்துக்கொண்டே பட்டனைப் பார்த்து, “எனக்கு ஒரு புதுப் பூட்டு வாங்கித் தரேன்னியாமே, எங்க?” என்றாள்.

“பொய்யா இருந்தாத்தான்னு சொன்னேன். போய் டீ போடு” என்றாள் பட்டன்.